வினைல் பிரிண்டுக்குச் சொந்தமாக கலர் ப்ரொஃபைல் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் கடையில் ஓடுவது நான்கு கலர் ஈகோ சால்வென்ட் மெஷின், அதாவது சால்வென்ட் என்ற கரைப்பான் கலந்த இங்க்கில் அடிப்பது. கடை போர்டு, கண்ணாடி ஸ்டிக்கர், வண்டி ஸ்டிக்கர் என்று ஒட்டும் வினைலில்தான் பெரும்பாலான வேலை. தொழிலில் இருக்கும் நண்பர்கள் போனில் கேட்கும் கேள்விகளே கீழே இருப்பவை. லேடெக்ஸ், யூவி மெஷின் வைத்திருப்பவர்களுக்கும் முறை இதேதான். காய வைப்பது பற்றிய பகுதியை மட்டும் அவர்கள் தாண்டிப் போகலாம்.

ப்ரொஃபைல் போட்டால் நிறம் சரியாகிவிடுமா?

ப்ரொஃபைல் எதையும் சரி செய்யாது. அது ஒரு அட்டவணை. இந்த மெஷினில், இந்த இங்க்கில், இந்த வினைலில், இத்தனை பாஸில் (ஒரே இடத்தை ஹெட் எத்தனை முறை கடந்து அடிக்கிறது என்பது) சயான் இவ்வளவு, மஜந்தா இவ்வளவு போட்டால் கண்ணுக்கு இன்ன நிறம் தெரியும் என்று அளந்து எழுதி வைத்தது. அதையே திருப்பிப் போட்ட இன்னொரு அட்டவணையும் அதே ஃபைலுக்குள் இருக்கும்: இன்ன நிறம் வேண்டுமானால் எந்த இங்க் எவ்வளவு. அச்சடிக்கும்போது ரிப், அதாவது டிசைன் ஃபைலை மெஷினுக்கான இங்க் சொட்டுகளாக மாற்றும் மென்பொருள், பார்ப்பது இந்த இரண்டாவது அட்டவணையைத்தான். நிறத்தை எழுத அது பயன்படுத்துவது லேப் எண்கள். வெளிச்சம் எவ்வளவு, பச்சையா சிவப்பா, நீலமா மஞ்சளா என்று மூன்றே எண்கள். 1976இல் வகுக்கப்பட்ட முறை, இன்றும் அதுதான் ஓடுகிறது.

ப்ரொஃபைலுக்குப் பொது விதி வகுக்கும் ஐசிசி என்ற அமைப்பை 1993இல் அடோபி, ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், கோடக், ஆக்ஃபா உட்பட எட்டு நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கின. அட்டவணையை எப்படி எழுதுவது என்று அவர்கள் பொதுவாக வகுத்துக்கொண்டதால்தான் ஒரு மென்பொருளில் செய்த ப்ரொஃபைல் வேறு கம்பெனி ரிப்பிலும் திறக்கிறது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அளந்த அன்று மெஷின் எந்த நிலையில் இருந்ததோ, அந்த நிலைக்கு மட்டும்தான் அட்டவணை பொருந்தும். நாளுக்கு ஒரு மாதிரி அடிக்கும் மெஷினுக்கு ப்ரொஃபைல் செய்வது, ஓடிக்கொண்டே இருக்கும் பிள்ளைக்குச் சட்டை அளவெடுப்பது மாதிரி. கீழே ப்ரொஃபைல் மென்பொருளைப் பற்றிக் கொஞ்சமாகவும், அதற்கு முன்னால் செய்ய வேண்டியதைப் பற்றி நிறையவும் எழுதியிருப்பதற்குக் காரணம் இதுதான்.

வினைல் கம்பெனியே ப்ரொஃபைல் தருகிறதே, அது போதாதா?

பல நேரம் போதும். 3எம், ஏவரி டெனிசன், ஓராஃபோல் மாதிரி கம்பெனிகளின் தளத்தில் உங்கள் மெஷின், உங்கள் ரிப், அசல் இங்க் மூன்றும் பொருந்தும் ப்ரொஃபைல் கிடைத்தால் முதலில் அதைப் போட்டுப் பாருங்கள். ஒரு நாள் வேலை மிச்சம்.

ஆனால் நம் ஊர்க் கடைகளில் அந்த மூன்றும் ஒன்றாகப் பொருந்துவது அபூர்வம். மெஷின் ஜப்பான், இங்க் வேறு எங்கோ, வினைல் எந்த டீலர் இந்த மாதம் மலிவாகத் தந்தாரோ அது. அப்படி இருந்தால் சொந்தமாகச் செய்வதே வழி. பேர் தெரியாத மலிவு ரோலில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரு ரோல் நீலச் சாயலில் வெள்ளை, அடுத்த ரோல் மஞ்சள் சாயலில் வெள்ளை. அப்படிப்பட்ட வினைலுக்கு ப்ரொஃபைல் செய்வது வீண் வேலை. முதலில் வினைலை நிலையான ஒன்றாக மாற்றுங்கள்.

என்னென்ன வாங்க வேண்டும்?

ஒரு ஸ்பெக்ட்ரோ, அதாவது அச்சின் நிறத்தை எண்ணாக அளக்கும் கருவி. மானிட்டரில் தொங்கவிட்டு அளக்கும் கலரிமீட்டர் இதற்கு ஆகாது. அதனால் அச்சை அளக்க முடியாது. எக்ஸ்ரைட்டின் ஐ1 ப்ரோ வரிசைதான் அதிகம் புழங்குகிறது. பழைய ஐ1 ப்ரோ செகண்ட் ஹேண்டில் வரும். அதே கருவி இஎஃப்ஐயின் இஎஸ்-1000 என்ற பெயரிலும் விற்றது. வாங்கும்போது அடித்தட்டு கூடவே இருக்கிறதா என்று பாருங்கள். அதில் பதித்திருக்கும் வெள்ளை ஓடுதான் கருவியின் அளவுகோல். ஒவ்வொரு ஓடும் ஒவ்வொரு கருவிக்கென்றே அளந்து கொடுத்தது என்பதால் சீரியல் எண் பொருந்த வேண்டும். ஓடு இல்லாத ஸ்பெக்ட்ரோ படிக்கல் இல்லாத தராசு.

மென்பொருளுக்கு, உங்கள் ரிப்பிலேயே ப்ரொஃபைல் செய்யும் வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; ஓனிக்ஸ், கால்டெரா, ஃப்ளெக்ஸி ஆகியவற்றில் கிடைக்கும், சிலவற்றில் தனிக் காசு. ஐ1 ப்ரொஃபைலர் வாங்குவதானால் உரிமத்தைக் கவனியுங்கள். ஆர்ஜிபி பிரிண்டருக்கு மட்டும் உள்ள உரிமம் விலை குறைவு, ஆனால் சிஎம்ஒய்கே (சயான், மஜந்தா, மஞ்சள், கருப்பு) ரிப்புக்கு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. காசே வேண்டாம் என்றால் ஆர்கில் சிஎம்எஸ். கட்டளை தட்டச்சு செய்து ஓட்ட வேண்டும், பட்டன் கிடையாது, ஆனால் சிஎம்ஒய்கே ப்ரொஃபைலை நன்றாகவே செய்யும்.

சார்ட் அடிப்பதற்கு முன் மெஷினில் என்ன பார்க்க வேண்டும்?

சார்ட் என்பது அளப்பதற்காக அடிக்கும் நிறக் கட்டங்களின் தாள். அதை அடிக்கும் முன், இங்க் துளைகள் எல்லாம் அடிக்கின்றனவா என்று காட்டும் நாசில் செக் முழுதாக வர வேண்டும். ஒன்றிரண்டு நாசில் போனால் பரவாயில்லை என்று வேலை ஓட்டுவோம், சரி; ப்ரொஃபைலுக்கு அது செல்லாது. அப்புறம் ஃபீட் அட்ஜஸ்ட்மென்ட், இரண்டு பக்கமும் அடிக்கும் பைடைரக்ஷனல் அலைன்மென்ட். பேண்டிங், அதாவது கோடு கோடாக, தெரியும் சார்ட்டை அளந்தால் ஸ்பெக்ட்ரோ ஒரு கட்டத்தில் கோட்டை அளக்கும், அடுத்ததில் இடைவெளியை அளக்கும்.

ஹெட் உயரம், பாஸ், ரெசல்யூஷன், ஒரு பக்கமா இரு பக்கமா என்பது எல்லாம் தினசரி வேலைக்கு எதை வைப்பீர்களோ அதுவே. சார்ட்டை மட்டும் 8 பாஸில் அழகாக அடித்துவிட்டு வேலையை 4 பாஸில் ஓட்டினால் அந்த ப்ரொஃபைல் வேறு யாருடைய மெஷினுக்கோ செய்தது போலத்தான்.

ஹீட்டர் தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். சால்வென்ட் இங்க் வினைலின் மேல் படிவதில்லை. சால்வென்ட் பிவிசியை லேசாக இளக்கி உள்ளே இறங்குகிறது. சூடு குறைந்தால் சொட்டுகள் பரவி ஒன்றோடு ஒன்று கலக்கும். அதிகமானால் பரவாமல் புள்ளியாகவே நிற்கும், வினைலும் அலை அலையாக எழும்பி ஹெட்டில் உரசும். அச்சடிக்கும் மேடையில் 40 டிகிரியை ஒட்டி ஒரு அளவு எங்களுக்குச் சரிப்பட்டது. எண் எதுவாக இருந்தாலும் அதை எழுதி வைத்துவிடுங்கள். காலையில் மெஷினைப் போட்டதும் முதல் வேலையாக சார்ட் அடிக்காதீர்கள். அரை மணி நேரம் சாதாரண வேலை ஓடட்டும். அறையில் ஏசி ஓடினால் சார்ட் அன்றும் ஓடட்டும். ஐப்பசி மழையில் கதவைத் திறந்து வைத்து அடித்த சார்ட் சித்திரை வெயிலுக்கு ஒத்து வராது.

இங்க் லிமிட் எப்படி வைப்பது? நூறு சதவீதம் இங்க் கொடுத்தால்தானே கலர் பளிச்சென்று வரும்?

முழு வேலையிலும் நான் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான். எல்லோரும் தாண்டிப் போவதும் இதைத்தான்.

ஒவ்வொரு இங்க்குக்கும் 0 முதல் 100 வரை ஐந்து ஐந்தாக ஏறும் பட்டை ஒன்றை, எந்த லிமிட்டும் இல்லாமல் அடியுங்கள். சயான் பட்டையை அளந்து பார்த்தால் 60, 70, 75 வரை நிறம் ஏறிக்கொண்டே வரும். அதற்கு மேல் இங்க் ஏறும், நிறம் ஏறாது. சில மெஷினில் இறங்கவே செய்யும். அதோடு சாயலும் திரும்பும்: சயான் நீலத்தின் பக்கம் வளையும், மஜந்தா சிவப்பின் பக்கம், மஞ்சள் ஆரஞ்சின் பக்கம். லேப் எண்களை வரைபடமாகப் போட்டால் நேராகப் போன கோடு நுனியில் தூண்டில் முள் மாதிரி வளைந்திருக்கும். அந்த வளைவு தொடங்குவதற்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். அதுதான் அந்த இங்க்கின் லிமிட்.

வளைந்த பகுதியையும் சேர்த்து விட்டுவிட்டால் என்ன ஆகும்? மஞ்சள் லிமிட் அதிகமாக வைத்திருந்த காலத்தில் எங்களிடம் எலுமிச்சை மஞ்சள் கேட்டால் மாம்பழ மஞ்சள்தான் வரும். டிசைனர் எண்ணைக் குறைக்கக் குறைக்க நிறம் வெளிறியதே தவிர எலுமிச்சை வரவில்லை. லிமிட்டைக் குறைத்துப் புதிதாகச் செய்தபோது நிறமும் வந்தது, மாதத்துக்கு ஒரு மஞ்சள் பாட்டில் மிச்சமும் ஆயிற்று.

கருப்புக்கு இந்த வளைவு கிடையாது. அங்கே இருட்டு எவ்வளவு ஏறுகிறது என்பதை மட்டும் பாருங்கள். 80க்கும் 100க்கும் வித்தியாசம் தெரியவில்லையென்றால் 80 போதும்.

கருவி சொல்வதோடு கண்ணும் பார்க்க வேண்டும். பட்டையின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா, விரல் வைத்தால் ஒட்டுகிறதா, பக்கத்துக் கட்டத்துக்குள் வழிகிறதா. எண் சரியென்றாலும் இவற்றில் ஒன்று தவறினால் லிமிட்டை இன்னும் இறக்குங்கள்.

லீனியரைசேஷன் என்றால்?

லிமிட் வைத்த பிறகு, 50 சதவீதம் என்று கேட்டால் பார்வைக்குப் பாதி அடர்த்தி வரும்படி வளைகோட்டைச் சரி செய்வது. ரிப் சார்ட் கொடுக்கும், அளந்தால் தானே செய்துகொள்ளும். அதிக நேரம் எடுக்காது.

இதன் உண்மையான பயன் ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். ஹெட் தேய்ந்தோ இங்க் பேட்ச் மாறியோ நிறம் நகர்ந்துவிட்டால் முழு ப்ரொஃபைலையும் மறுபடி செய்ய வேண்டியதில்லை. லீனியரைசேஷனை மட்டும் திரும்பச் செய்து மெஷினைப் பழைய நிலைக்கு இழுத்து வந்துவிடலாம். ப்ரொஃபைல் அப்படியே பொருந்தும். முதல் நாள் இந்தப் படியைத் தவிர்த்தவருக்கு இந்த வழி அடைபட்டுப் போகிறது.

மொத்த இங்க் லிமிட் வேறா?

வேறு. நான்கு இங்க்கும் நூறு நூறாக விழுந்தால் 400 சதவீதம். எந்த ஒட்டும் வினைலும் அதைத் தாங்காது. ஈகோ சால்வென்டுக்கு வினைலில் பெரும்பாலும் 220 முதல் 280 வரையில் எங்கோ நிற்கும். மலிவான மோனோமெரிக் வினைல் அந்த வரம்பின் கீழ்ப்பக்கம், நல்ல காஸ்ட் வினைல் மேல்பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு, மூன்று, நான்கு இங்க் சேர்ந்த கட்டங்களை ஏறுவரிசையில் அடித்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். எந்தக் கட்டத்தில் குழம்பு மாதிரி திரள்கிறதோ, எங்கே ரோலில் சுற்றினால் முதுகில் ஒட்டுமோ, அதற்கு இரண்டு படி கீழே நிறுத்துங்கள். அதிக இங்க்கினால் வரும் கேடு உடனே தெரியாது என்பதுதான் இதில் ஏமாற்றும் விஷயம். சால்வென்ட் உள்ளே தங்கிப் பசையை இளக்கிவிடும். ஒட்டி ஒரு வாரத்தில் ஓரம் சுருண்டு எழும். வாடிக்கையாளர் ஒட்டிய ஆளைத் திட்டுவார், ஒட்டியவர் வினைலைத் திட்டுவார். காரணமோ ரிப்பில் இருக்கும் ஒரு எண்.

லைட் சயான், லைட் மஜந்தா இருக்கும் மெஷினில்?

ப்ரொஃபைலுக்கு அது தெரியவே தெரியாது. அதற்கு சயான் என்றால் ஒரே சயான். லைட் எங்கே முடிந்து டார்க் எங்கே தொடங்குவது என்பதை ரிப் பிரிக்கிறது. அந்தப் பிரிவை இங்க் லிமிட்டோடு சேர்த்து முதலிலேயே முடித்துவிட வேண்டும். டார்க் சொட்டு சீக்கிரமே நுழைந்தால் முகத்தில் மணல் தூவியது போல் புள்ளி தெரியும்.

சார்ட்டில் எத்தனை கட்டம் வேண்டும்?

தரப்படுத்திய சார்ட்டுகளில் இசிஐ2002இல் 1,485 கட்டங்கள், ஐடி8.7/4இல் 1,617. கையால் ஸ்பெக்ட்ரோவை இழுத்து இதை அளக்கப் பொறுமை வேண்டும், ஆனால் ஒரு தடவை செய்கிற வேலைதானே. லிமிட்டும் லீனியரைசேஷனும் ஒழுங்காக இருந்தால் 800, 900 கட்டத்திலேயே நல்ல ப்ரொஃபைல் வரும். அவை ஒழுங்காக இல்லையென்றால் மூவாயிரம் கட்டம் வைத்தாலும் வராது.

கட்டங்களைக் கொஞ்சம் பெரிதாக, 10 மில்லிமீட்டர் அளவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆஃப்செட் சார்ட்டின் சின்னக் கட்டத்தை வினைலில் அடித்தால் புள்ளிகளின் சொரசொரப்பு அளவில் ஏறிவிடும். மென்பொருளில் கட்டங்களைக் கலைத்துப் போடும் வசதி இருந்தால் போடுங்கள். ரோலின் ஒரு ஓரம் மட்டும் அடர்த்தியாக விழும் மெஷினில் பிழை ஒரே நிறத்தின் தலையில் விழாது. மிக முக்கியமாக, சார்ட் அடிக்கும்போது ரிப்பில் கலர் மேனேஜ்மென்ட் அணைந்திருக்க வேண்டும். லிமிட்டும் லீனியரைசேஷனும் மட்டும் இருக்கலாம், பழைய ப்ரொஃபைல் இருக்கக் கூடாது.

அடித்த உடனே அளக்கலாமா?

கூடாது. முதல் தடவை நான் செய்த தப்பு இது. மாலை அடித்து, அரை மணியில் அளந்து, இரவே ப்ரொஃபைல் செய்துவிட்டேன். மறுநாள் அதே சார்ட்டைச் சும்மா திரும்ப அளந்து பார்த்தபோது இருட்டுக் கட்டங்கள் எல்லாமே நகர்ந்திருந்தன. சால்வென்ட் ஆவியாகி முடியும்வரை நிறம் ஓர் இடத்தில் நிற்பதில்லை, அடர்ந்த கட்டங்களில் இது கூடுதல். இங்க் லிமிட், லீனியரைசேஷன் பட்டைகளுக்கு ஒரு மணி நேரமாவது கொடுங்கள். கடைசி சார்ட்டை ஒரு ராத்திரி முழுக்க, சுருட்டாமல், விரித்து வைத்துக் காய விடுங்கள். 24 மணி நேரம் கொடுத்தால் இன்னும் நல்லது.

அளக்கும்போது எம்0, எம்1, எம்2 என்று கேட்கிறது. எதைக் கொடுப்பது?

அளக்கும் வெளிச்சத்தில் புற ஊதா எவ்வளவு என்பதுதான் இந்த மூன்றுக்கும் வித்தியாசம். எம்0 பழைய கருவிகளின் குண்டு பல்பு வெளிச்சம். எம்1இல் பகல் வெளிச்சத்துக்கு ஒத்த அளவு புற ஊதா இருக்கும். எம்2இல் அது முழுக்க வெட்டப்பட்டிருக்கும். ஆப்டிகல் பிரைட்னர் (புற ஊதாவை வாங்கி நீலமாக ஒளிர்ந்து வெண்மையைக் கூட்டும் பொருள்) கலந்த காகிதத்தில் இந்தத் தேர்வு பெரிய விஷயம். வினைலில் வெள்ளை பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்சைடிலிருந்து வருவது என்பதால் வித்தியாசம் பல நேரம் சின்னது. வெற்று வினைலை மூன்றிலும் அளந்து பாருங்கள். எண்கள் கிட்டத்தட்ட ஒன்றென்றால் எதை வேண்டுமானாலும் போடலாம். எம்0இல் நீலம் தூக்கலாகவும் எம்2இல் தணிந்தும் வந்தால் அந்த வினைலில் பிரைட்னர் இருக்கிறது, எம்2 எடுங்கள். இல்லாவிட்டால் மென்பொருள் அந்த நீலத்தை அடக்க வெளிர் நிறங்களில் எல்லாம் மஞ்சளைத் தெளித்துவிடும்.

பின்தாளை உரிக்காமல், கீழே வெள்ளைத் தாள் வைத்து அளந்துகொள்ளுங்கள். வினைல் முழு ஒளிமறைப்பு உள்ளதல்ல என்பதை மறக்க வேண்டாம். சாதாரண வெள்ளை வினைலைக் கருப்புக் கார் மேல் ஒட்டினால் நிறம் மங்கும், அது ப்ரொஃபைலின் குற்றமல்ல. அந்த வேலைக்கு முதுகில் சாம்பல் நிறப் பசை உள்ள வினைல் எடுக்க வேண்டும்.

மென்பொருளில் பிளாக் ஜெனரேஷன், ஜிசிஆர் என்று கேட்கிறதே?

சாம்பல் நிறத்தை மூன்று கலர் சேர்த்து உண்டாக்குவதா, கருப்பை வைத்து உண்டாக்குவதா என்று கேட்கிறது. கருப்பு அதிகம் என்றால் இங்க் மிச்சம், சாம்பல் நிலையாக நிற்கும், ஆனால் வெளிர் இடங்களில் கருப்புப் புள்ளி கண்ணில் குத்தும். வளைகாப்பு, காதுகுத்து என்று முகம் வரும் வேலை அதிகம் செய்பவர்கள் கருப்பு 30, 40 சதவீதம் தாண்டித் தொடங்கும்படி, நடுத்தர ஜிசிஆர் வைத்துக்கொள்ளலாம். எழுத்தும் லோகோவும் மட்டும் அடிப்பவர்கள் தாராளமாக அதிகம் வைக்கலாம்.

மொத்த இங்க் லிமிட்டை இங்கேயும் ஒரு முறை கேட்கும். ரிப்பில் வைத்த அதே எண், அல்லது ஐந்து பத்து குறைவாகக் கொடுங்கள்.

எல்லாம் செய்தேன். ஆனால் கோரல்டிராவிலிருந்து அனுப்பும் ஃபைல் மட்டும் வேறு நிறத்தில் வருகிறது. ஏன்?

வாரத்துக்கு ஒருவராவது இதைக் கேட்கிறார்கள். நீங்கள் செய்தது வெளியே போகும் வாசல். உள்ளே வரும் வாசல் ஒன்றும் இருக்கிறது, அதுதான் இன்புட் ப்ரொஃபைல். ஃபைலில் மஜந்தா 100, மஞ்சள் 100 என்று இருந்தால் அது எந்தச் சிவப்பு? ஃபோக்ரா39, ஸ்வாப் இரண்டும் ஆஃப்செட் அச்சுக்கான தரங்கள்; முன்னதில் ஒரு சிவப்பு, பின்னதில் வேறு சிவப்பு. ஃபைலுக்குள் ப்ரொஃபைல் பதிந்திருந்தால் ரிப் அதைப் படிக்கும். இல்லையென்றால் தனக்குச் சொல்லி வைத்ததை எடுத்துக்கொள்ளும். டிசைனரின் கணினியில் ஒன்று, ரிப்பில் இன்னொன்று என்றால் மூட்டு விலகத்தான் செய்யும்.

கடைக்குள் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். சிஎம்ஒய்கேக்கு ஃபோக்ரா39, ஆர்ஜிபி படங்களுக்கு எஸ்ஆர்ஜிபி என்பது எங்கள் வழக்கம். கோரல்டிரா, ஃபோட்டோஷாப், ரிப் மூன்றிலும் அதுவே. வெளியிலிருந்து வரும் ஃபைலைத் திறந்தவுடன் என்ன பதிந்திருக்கிறது என்று பார்ப்பது பழக்கமாக வேண்டும்.

இன்னொரு தப்பு, இரண்டு முறை மாற்றுவது. வினைல் ப்ரொஃபைலை ஃபோட்டோஷாப்பில் போட்டு ஃபைலை மாற்றிவிட்டு, ரிப்பிலும் அதையே மறுபடி போடுவார்கள். ஒரு இடத்தில் மட்டும் மாற்றுங்கள், அது ரிப்பாக இருக்கட்டும். பிரிண்டர் ப்ரொஃபைல் டிசைனருக்குத் தேவைப்படுவது திரையில் முன்னோட்டம் பார்ப்பதற்கு மட்டும்தான்.

கருப்பு எழுத்து சாம்பலாகத் தெரிகிறது, மஞ்சளில் சிவப்புப் புள்ளி தெரிகிறது. ப்ரொஃபைல் கெட்டுவிட்டதா?

கெடவில்லை, சொன்னதைச் செய்கிறது. ஃபோக்ரா39இல் கருப்பு 100 மட்டும் என்பது அப்படியொன்றும் முழு இருட்டல்ல. லேப் வெளிச்ச அளவு 16. உங்கள் வினைல் அதைவிட இருட்டாக அடிக்கும் வல்லமை உள்ளது, ஆனால் ப்ரொஃபைல் உண்மையாக நடந்து 16க்கே கொண்டு வருகிறது. மஞ்சளும் அப்படித்தான்: ஆஃப்செட் மஞ்சளின் சாயலைப் பிடிக்க உங்கள் மஞ்சளில் இரண்டு சதவீதம் மஜந்தாவைத் தூவுகிறது. அளவில் சரி, கண்ணுக்கு அழுக்கு. ரிப்பில் சுத்த நிறங்களை அப்படியே விடு என்று ஒரு வசதி இருக்கும். கருப்புக்கும் மஞ்சளுக்கும் அதைப் போட்டுவிடுங்கள். கடை போர்டு வேலையில் இதில் ஒரு நஷ்டமும் இல்லை.

நீலம் ஊதாவாக வருகிறதே?

திரையில் தெரியும் அடர் நீலம் நான்கு கலர் இங்க்கின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. அதை உள்ளே இழுக்கும்போது ஊதாப் பக்கம் சாய்வது லேப் முறையிலேயே உள்ள பழைய குறை. நீலப் பகுதியில் லேப்பின் சாயல் கோடு கண்ணின் சாயலோடு ஒத்துப்போவதில்லை. டிசைனிலேயே மஜந்தாவை சயானைவிட 30 சதவீதமாவது குறைத்து வைப்பதுதான் கைவசம் உள்ள மருந்து.

ரெண்டரிங் இன்டென்ட் எது?

மெஷினால் அடிக்க முடியாத நிறங்களை எப்படி உள்ளே இழுப்பது என்ற தேர்வு இது. படத்துக்கு பெர்செப்சுவல், லோகோ, கோட்டு வேலைக்கு ரிலேட்டிவ் கலரிமெட்ரிக். அப்சல்யூட்டைத் தினசரி வேலைக்குப் போட்டால் வெள்ளை இடத்திலும் புள்ளி தெளிக்கும், ஏனென்றால் மூலக் காகிதத்தின் வெள்ளையையே அது நகலெடுக்கப் பார்க்கும்.

செய்த ப்ரொஃபைல் நன்றாக இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அம்பது அறுபது கட்டம் உள்ள சின்ன சார்ட் ஒன்றைப் புது ப்ரொஃபைல் வழியாக அப்சல்யூட்டில் அடித்து, காய விட்டு அளந்து, வர வேண்டிய எண்ணோடு ஒப்பிடுங்கள். வித்தியாசத்தை டெல்டா இ என்பார்கள். 2000 சூத்திரத்தில் சராசரி 2க்குள் இருந்தால் சந்தோஷம், 3 வரை கடை போர்டுக்குத் தாராளம். எல்லைக்கு வெளியே உள்ள ஓரிரு கட்டங்கள் 8, 10 என்று காட்டும். அவற்றைப் பார்த்துப் பதற வேண்டாம்.

எண்ணோடு நிறுத்தாமல் நான்கு விஷயங்களை ஒரே தாளில் அடித்துப் பார்ப்பேன்: வெள்ளையிலிருந்து கருப்புக்குப் போகும் பட்டை, ஒரு மாநிற முகம், பட்டுப்புடவை, நகை. பட்டை நடுவில் பச்சையாகவோ சிவப்பாகவோ திரும்பினால் அளவில் எங்கோ பிழை. பட்டுப்புடவையின் அரக்குச் சிவப்பில் மடிப்புகள் மறைந்து ஒரே திட்டாகத் தெரிந்தால் இங்க் லிமிட் அதிகம். நகையில் மஞ்சள் உலோகம் பித்தளையாகத் தெரியாமல் இருக்க வேண்டும். இந்தத் தாளைப் பகல் வெளிச்சத்திலும் கடையின் எல்இடியிலும் பாருங்கள். ப்ரொஃபைல் கணக்குப் போடுவது டி50 என்ற பகல் வெளிச்சத்துக்கு. மலிவு எல்இடியின் கீழ் சாம்பல் நிறம் சாய்ந்து தெரிந்தால் வெளிச்சத்தை மாற்றிப் பார்த்த பிறகு ப்ரொஃபைலைச் சந்தேகப்படுங்கள்.

லேமினேஷன் போட்டால் நிறம் மாறுகிறது. அதற்குத் தனி ப்ரொஃபைலா?

கிளாஸ் ஃபிலிம் போட்டால் இருட்டு இன்னும் இருட்டாகும், மேட் போட்டால் வெளிறும். லேமினேஷன் எப்போதும் போடும் கடையென்றால் சார்ட்டுக்கும் லேமினேஷன் போட்டு அதன் மேலேயே அளக்கலாம்; லிமிட்டும் லீனியரைசேஷனும் வெறும் அச்சிலேயே இருக்கட்டும். நாங்கள் மேட்டுக்கு மட்டும் இப்படித் தனியாகச் செய்து வைத்திருக்கிறோம், கிளாஸுக்குத் தேவைப்படவில்லை. எப்படியானாலும் அடித்து 24 மணி நேரம் ஆகாமல் லேமினேஷன் போடாதீர்கள்.

வாடிக்கையாளர் லோகோவின் நிறம் மட்டும் இம்மி பிசகக் கூடாது என்கிறார். ப்ரொஃபைலை அதற்கேற்ப திருத்தலாமா?

ஒரு நிறத்துக்காக ப்ரொஃபைலில் கை வைக்காதீர்கள். அதன் அக்கம்பக்கத்து நிறங்கள் எல்லாம் கூடவே நகரும். ரிப்பில் ஸ்பாட் கலர் அட்டவணை இருக்கிறது. அவர் கொடுத்த மாதிரியை ஸ்பெக்ட்ரோவால் அளந்து லேப் எண்ணை அதில் பதிந்து, சுற்றிலும் சின்ன மாற்றங்களோடு முப்பது கட்டம் அடித்து, அவரையே அழைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். தேர்ந்த கட்டத்தின் ஓரத்தில் அவர் கையெழுத்தும் தேதியும் இருக்கட்டும். ஒரு நகைக்கடையின் மெரூன் நிறத்துக்கு அப்படி வாங்கி வைத்த துண்டு எங்கள் சுவரில் இன்னும் ஒட்டியிருக்கிறது, இரண்டு சண்டைகளைத் தடுத்திருக்கிறது.

பேக்லிட்டுக்கும் ஒன்வே விஷனுக்கும் இதே ப்ரொஃபைல் போதுமா?

பேக்லிட்டுக்குப் போதாது. பின்னாலிருந்து வெளிச்சம் வரும்போது இங்க் இன்னும் நிறைய வேண்டும், அளவையும் ஒளியை ஊடுருவவிட்டு எடுக்க வேண்டும். சாதாரண ஐ1 ப்ரோ அதைச் செய்யாது. பார்பியெரி மாதிரி கருவிகளில் அந்த வசதி உண்டு. நம் கடைகளில் நடைமுறை, வினைல் ப்ரொஃபைலை வைத்து இரண்டு முறை அடிப்பது அல்லது பாஸைக் கூட்டுவது. ஒன்வே விஷன் ஓட்டை ஓட்டையாக இருக்கும் கண்ணாடி வினைல்; அதன் ஓட்டைக்கு மேல் அளக்க முடியாது. அதற்கு நெருக்கமான சாதாரண வெள்ளை வினைலின் ப்ரொஃபைலையே போட்டுக்கொள்ளுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை திரும்பச் செய்ய வேண்டும்?

நாள் கணக்கு இல்லை. இங்க் பிராண்டு மாறினால், வினைல் மாறினால், ஹெட் மாற்றினால் செய்யுங்கள். மற்றபடி மாதத்துக்கு ஒரு தடவை அந்தச் சின்ன சார்ட்டை அடித்து அளந்து, பழைய எண்ணோடு பாருங்கள். நகர்ந்திருந்தால் லீனியரைசேஷன். அதிலும் வரவில்லையென்றால்தான் புதிது.

ஒரே மாடலில் இரண்டு மெஷின் இருக்கிறது. ஒரு ப்ரொஃபைல் இரண்டுக்கும் ஆகுமா?

தனித்தனியாக லீனியரைசேஷன் செய்துவிட்டால் பெரும்பாலும் ஆகும். ஆனால் மூன்று துண்டாக ஒட்டும் பெரிய போர்டை மட்டும் இரண்டு மெஷினுக்குப் பிரித்துக் கொடுக்காதீர்கள். ப்ரொஃபைல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மூட்டில் கண் போய் நிற்கும்.

ஃபைலுக்கு என்ன பெயர் வைப்பது?

மெஷின், இங்க், வினைல், ரெசல்யூஷன், பாஸ், தேதி, இதே வரிசையில். "புது ப்ரொஃபைல் ஃபைனல் 2" என்று வைத்தால் மூன்று மாதத்தில் உங்களுக்கே தெரியாது. ஹீட்டர் சூடு, லிமிட் எண்கள், மொத்த இங்க் ஆகியவற்றைக் காய்ந்த சார்ட்டின் முதுகிலேயே மார்க்கரால் எழுதி, சுருட்டி, வெயில் படாத இடத்தில் போட்டு வையுங்கள். கணினி போனாலும் அந்தச் சுருளிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி அளந்துகொள்ளலாம்.